வசனத்தைக் கத்தரிக்காமல் கொடுங்கள்: வேலூர்ப் பக்கத்து ஆயர்களுக்கும் சேகரக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆயர் ஐயாமார்களுக்கும், சேகரக் குழுவில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும்,

ஆண்டவருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் காட்பாடிக்குப் பக்கத்தில் விருதம்பட்டில் இருக்கிறேன், வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பிறந்ததிலிருந்து சபையில்தான் வளர்ந்தேன். ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டிக்குப் பரிசு வாங்கியவள், அப்புறம் அதே ஓய்வுநாள் பள்ளியில் பதினோரு வருஷம் பாடம் எடுத்தவள். வெளியாள் யாரோ எழுதுகிறாள் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஆளுக்கு ஒரு வேத வசனமாக எடுத்துக்கொள்கிற வாக்குத்தத்த அட்டைகளை நீங்கள் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும், அதுதான் என் அவசரம்.

2022 டிசம்பர் 31 ராத்திரி எங்கள் வீட்டுக்காரர் தட்டில் இருந்து எடுத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்கிற வசனம். சூரியன் உதிக்கிற படம் போட்டு, ஓரத்தில் தங்கக் கலரில் கோடு. அதை மணிபர்ஸில் ஆதார் கார்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஜனவரி கடைசியில் கால் வீங்க ஆரம்பித்தது. பிப்ரவரியில் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மார்ச்சில் டயாலிசிஸ் தொடங்கியது, வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம்.

முதல் ஒரு மாதம் அந்த அட்டையை வைத்துத்தான் ஜெபித்தோம். கடையில் ரசீதைக் காட்டிப் பொருளைக் கேட்பதுபோல ஆண்டவர் முன்னால் அதை நீட்டிக்கொண்டே இருந்தோம், "நீர் சொன்னீர், செய்யும் ஆண்டவரே" என்று. வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்களும் அதையே சொல்லி, அதையே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அளவு மட்டும் இறங்கவே இல்லை. ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் அவர் ரத்தத்துக்கு இல்லாமல் எங்கள் விசுவாசத்துக்கு மார்க் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். நான் அந்தக் கவரைப் பிரிக்கவே பயந்தேன்.

ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தவர், "இந்த வசனத்துக்கு மேல கீழ என்ன இருக்குது, முழுசாப் படி பார்க்கலாம்" என்றார். நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சபையில் இருக்கிற எங்களுக்கு அந்த அதிகாரம் முழுக்க அன்றைக்குத்தான் தெரிந்தது. அது ஒரு கடிதம் ஐயா. எரேமியா தீர்க்கதரிசி எருசலேமில் இருந்துகொண்டு, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதி அனுப்பிய கடிதம். இரண்டு வருஷத்துக்குள்ளே எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்கிற தீர்க்கதரிசி சொன்னது அதற்கு முந்தின அதிகாரத்தில் இருக்கிறது, அவன் சொன்னது பொய் என்பதும் அங்கேயே இருக்கிறது. எரேமியா சொல்வது எழுபது வருஷம். அட்டையில் இருக்கும் வசனத்துக்கு நேர் மேலே, பத்தாம் வசனத்தில், "பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்பு" என்று தெளிவாகவே இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் வயசானவர்கள் யாரும் அந்த முடிவைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதுவரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்றால், "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்கிறார் ஆண்டவர்.

நான் அழுதேன். ஏமாந்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, "அப்போ இது சீக்கிரம் முடியற விஷயம் இல்ல. சரி. இருக்கிற இடத்துல இருந்து தோட்டம் போடச் சொல்றாரு" என்றார். அடுத்த வாரம் பின்பக்கம் சாக்கடை ஓரமாக ஒரு முருங்கைப் போத்து நட்டார். பொட்டாசியம் ஏறும் என்று அவருக்குக் கீரையை நிறுத்தியிருந்த நேரம் அது. தான் சாப்பிட முடியாத மரத்துக்குக் காலையில் எழுந்து தண்ணீர் ஊற்றுவார். அந்த ஒரு மாதத்தில் அட்டை எங்களுக்குக் கொடுக்காத ஏதோ ஒன்றை முழு அதிகாரம் கொடுத்துவிட்டது. அதற்கு என்ன பேர் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வேதத்தில் 150 சங்கீதப் பாட்டுகள் இருக்கின்றன, ஒரு டயாலிசிஸுக்கு ஒரு சங்கீதம், ஒன்றில் இருந்து வரிசையாக, எதையும் தாண்டக் கூடாது. நான் படிப்பேன், அவர் கேட்பார், அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்து பிஸ்டுலா போட்ட கையில் என் விரலை வைத்துக்கொள்வேன், தோலுக்கு அடியில் ரத்தம் உறுமிக்கொண்டு ஓடுவது தெரியும். ஜெபம் என்று பெரிதாக வார்த்தைகள் எதுவும் வராது, பெரும்பாலும் அந்தச் சங்கீதத்திலேயே ஒரு வரியைத் திரும்பச் சொல்வதுதான். "நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ளவேண்டியதின்னதென்று அறியாமலிருக்கிறபடியால்" ஆவியானவர் பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறதே, அதை நான் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது.

22ஆம் சங்கீதம் வந்தபோது நல்ல வெயில் காலம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் தண்ணீர், மாத்திரை போடுகிற தண்ணீரும் குழம்பும் அதற்குள்ளேயே அடக்கம். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன். ராத்திரி எட்டு மணிக்கு அடியில் ஒரு விரல் அளவு மிச்சம் இருக்கும், அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், குடித்துவிட்டால் இல்லாமல் போய்விடுமே என்று. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் "என் பெலன் ஓட்டைப்போல் காய்ந்தது, என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது" என்கிற வரியைப் படித்தேன். கையைத் தூக்கி, நிறுத்து என்று காட்டினார். "இன்னொரு தடவை படி." படித்தேன். "இது எவ்வளவு பழசு?" என்று கேட்டார். தாவீது எழுதியது என்றேன். "அவனுக்கும் தெரிஞ்சிருக்குது" என்றார். அப்புறம் அவராகவே, சிலுவையில் "தாகமாயிருக்கிறேன்" என்று சொன்னவர் இதே சங்கீதத்தின் முதல் வரியைத்தானே சொல்லிக் கூப்பிட்டார் என்றார். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அந்த நேரத்தில் ஆண்டவரே புதிதாக ஒரு ஜெபம் செய்யவில்லை, சின்ன வயசிலிருந்து தெரிந்த சங்கீதத்தைத்தான் சொன்னார். கடைசியாகச் சொன்ன "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பதும் 31ஆம் சங்கீதம். குரூரமான வேதனையில் ஒரு மனுஷனுக்கு வாயில் வருவது ஏற்கெனவே உள்ளே போயிருப்பதுதான். அதனால்தான் ஐயா கேட்கிறேன், எங்கள் பிள்ளைகளுக்கு உள்ளே என்ன போடுகிறோம்?

அதே வார்டுக்கு வெளியே மிசோரமில் இருந்து வந்த ஒரு அம்மா தினமும் வேதத்தோடு உட்கார்ந்திருப்பார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. அவருடைய புத்தகம் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தாலும் இங்கிலீஷ் இல்லை. நான் விரலை விட்டு நம்பரைக் காட்டினேன், அவர் அதே சங்கீதத்தைத் திருப்பினார். அன்றையிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள், ஆளுக்கு ஒரு வசனமாக, அவர் மிசோவிலும் நான் தமிழிலும் மாற்றி மாற்றிப் படித்தோம். எந்த இடத்தில் அவர் குரல் கம்மியது என்பதை வைத்து அவர் எந்த வரியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவர் ஊருக்குக் கிளம்பும்போது யாருக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்த ஊரில் சபையாக இருப்பதற்கு ஒரு அர்த்தம் உண்டு என்று நினைக்கிறேன். எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிற ஊர் இது. வங்காளத்தில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் வந்து லாட்ஜில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் நாம் சி.எம்.சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசுகிறோம். 1870இல் நம்ம ராணிப்பேட்டையில் பிறந்தவர், 1900இல் இந்த ஊரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கியவர், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஆரம்பித்தவர். எல்லாம் சரி. ஆனால் திண்டிவனத்தில் அந்த ராத்திரி, பிரசவத்துக்கு ஆண் டாக்டர் கூடாது என்று மூன்று வீடுகளில் இருந்து வந்து, இன்னும் டாக்டருக்குப் படிக்காத அவரைக் கூப்பிட்டார்களே, அந்த மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதை நாம் அரை வாக்கியத்தில் தாண்டிவிட்டு ஆஸ்பத்திரி கட்டிடத்துக்கு வந்துவிடுகிறோம். அவர் விடிய விடிய ஜெபித்தார் என்றால், விடிந்தபோது கிடைத்தது மூன்று சாவுச் செய்தி. அவருடைய நம்பிக்கை அந்த மூன்று சாவைத் தாண்டிப் போகாமல் அதற்குள்ளிருந்தே வந்தது. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன டாக்டர் மேரி வர்கீஸும் அப்படித்தான். அவர் கால்கள் சுகமாகவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். "விசுவாசத்தால் சுகமடைந்தார்" என்கிற சாட்சியில் இவர் எங்கே வருவார்?

2024 ஆகஸ்ட் கடைசியில் எங்கள் வீட்டுக்காரர் ஆண்டவருக்குள் நித்திரையானார். 150 சங்கீதமும் ஒரு சுற்று முடித்து, இரண்டாவது சுற்றில் 84இல் நின்றோம். "அழுகையின் பள்ளத்தாக்கை உருவ நடந்து அதை நீரூற்றாக்கிக்கொள்ளுகிறார்கள்" என்கிற சங்கீதம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு பெரியவர், பேர் சொல்ல மாட்டேன், எந்தச் சபை என்றும் சொல்ல மாட்டேன், என் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "வாக்குத்தத்தத்தை நல்லாப் பிடிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது தம்பி, எங்கேயோ அவிசுவாசம் இருந்திருக்கு" என்றார். பையனுக்குப் பதினாறு வயசு. அன்றையிலிருந்து அவன் கோயிலுக்கு வருவதில்லை. நான் கூப்பிடுவதை நிறுத்தவில்லை, ஆனால் கட்டாயப்படுத்தவும் இல்லை. அந்தப் பெரியவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. வருஷா வருஷம் அவர் கைக்குக் கிடைத்ததும் அட்டைதானே, அதை வைத்துக்கொண்டு சாவு வீட்டில் அவரால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

நான் 85இல் இருந்து தனியாகப் படித்தேன். ஒரு வாரத்துக்குள் 88 வந்தது. முதல் சுற்றில் அதை அவரோடு சேர்ந்து படித்திருந்தேன், அப்போது அது ஒரு சோகமான சங்கீதம், அவ்வளவுதான். இப்போது படித்தால், மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் எங்கேயாவது ஒரு திருப்பம் வருமே, "ஆனாலும்" என்று, அது இதில் வரவே இல்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்." அதோடு முடிந்துவிடுகிறது. இதை யாரும் வேதத்தில் இருந்து எடுத்துப் போடவில்லை. கோராகின் புத்திரர் இதைப் பாட்டாகப் பாடியிருக்கிறார்கள், ஆலயத்தில். அந்த ராத்திரி எனக்குக் கிடைத்த ஆறுதலை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் நிலைமையில் ஒரு மனுஷன் இப்படியே, முடிவு சொல்லாமல், ஆண்டவர் முகத்துக்கு நேராகப் பேசலாம், அதை அவரே தம்முடைய புத்தகத்தில் வைத்துக்கொள்வார் என்பது தெரிந்தது. ரோமர் 15:4 சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்: "தேவவசனத்தினால் உண்டாகும் பொறுமையினாலும் ஆறுதலினாலும் நாம் நம்பிக்கையுள்ளவர்களாகும்படிக்கு" முன்பு எழுதியிருக்கிறவைகள் எல்லாம் நமக்காக எழுதப்பட்டிருக்கிறது. எல்லாம் என்று இருக்கிறது ஐயா, நல்லதாகத் தெரிவது மட்டும் என்று இல்லை.

இயேசு உயிர்த்தெழுந்த நாளில் எம்மாவு கிராமத்துக்குப் போன இரண்டு சீஷர்களும் "அவரே இஸ்ரவேலை மீட்டிரட்சிப்பவர் என்று நாங்கள் நம்பியிருந்தோம்" என்று இறந்த காலத்தில்தான் பேசினார்கள். உயிர்த்தெழுந்தவர் பக்கத்திலேயே நடந்து வருகிறார், இவர்கள் நம்பிக்கை போய்விட்டது என்று அவரிடமே சொல்கிறார்கள். அவர் அவர்களுக்கு ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, மோசே முதல் தீர்க்கதரிசிகள் எல்லாரையும் வழி நெடுக விவரித்தார். சாயங்காலம் வரைக்கும் கூடவே நடந்தார். என் வீட்டுக்காரர் உயிரோடு எழுந்திருப்பார் என்கிற நம்பிக்கை எனக்கு இருக்கிறது, அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நாள் வரைக்கும் நடக்கிற வழி நீளம், அந்த வழிக்குத்தான் எங்களுக்குப் புத்தகம் முழுக்க வேண்டும்.

பாலாற்றங்கரையில் இருக்கிற நமக்கு 126ஆம் சங்கீதம் யாரும் விளக்காமலே புரிய வேண்டும். "தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல, எங்கள் சிறையிருப்பைத் திருப்பும்." அங்கே தெற்கில் இருப்பது வறண்ட ஓடைகள், மழை வந்தால் மட்டும் திடீரென்று நிரம்பி ஓடுபவை. நம்ம ஆறு எத்தனையோ வருஷம் வெறும் மணலாகக் கிடந்துவிட்டு 2021 நவம்பரில் எப்படி வந்தது என்று பாலத்தில் நின்று பார்த்த எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்ப்பார். "மணலுக்கு அடியில எப்பவும் தண்ணி இருக்குது, சின்னப் பசங்களா இருக்கச்ச ஊத்து தோண்டிக் குடிப்போம்" என்பார்.

சரி, நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். அட்டையை நிறுத்தச் சொல்லவில்லை, அதை ஆசையாக எடுக்கிற சின்னப் பிள்ளைகளும் வயசானவர்களும் இருக்கிறார்கள், நானும் எடுத்தவள்தான். இந்த வருஷம் அட்டையின் பின்பக்கத்தில் அந்த வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறது, யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று இரண்டு வரி அச்சடியுங்கள், வீட்டுக்குப் போய் முழு அதிகாரத்தையும் படிக்கச் சொல்லுங்கள். அந்த ராத்திரியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு புலம்பல் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஏனென்றால் அந்த வருஷத்தில் யாரையாவது அடக்கம் பண்ணிவிட்டுப் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். 150 சங்கீதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான், ஞாயிற்றுக்கிழமையில் அவற்றில் எத்தனையைக் கேட்கிறோம்? துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் தயவுசெய்து கொஞ்சம் சொல்லி அனுப்புங்கள். விசுவாசத்தை அளக்க வேண்டாம், ஒரு சங்கீதத்தைப் படித்துவிட்டுக் கூட உட்கார்ந்திருந்தால் போதும்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு ஐயா தமிழ் கற்றுக்கொண்டு மொழிபெயர்த்து, 1715க்குள் புதிய ஏற்பாடு நம் பாஷையில் அச்சாகிவிட்டது. இந்திய மொழிகளிலேயே நமக்குத்தான் முதலில் கிடைத்தது. முந்நூறு வருஷத்துக்கு மேலாகக் கையில் இருக்கிற புத்தகம். எழுத்து தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேரும், எங்கள் மாமியாரே சாட்சி. எழுபத்திரண்டு வயசு, பள்ளிக்கூடம் போனதில்லை, இன்றைக்கும் திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். நனைத்த இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது. நான் சத்தமாகப் படித்ததைக் கேட்டுக் கேட்டே 13ஆம் சங்கீதம் அவருக்கு மனப்பாடம். அதன் முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை வரும். மகன் போனதற்கப்புறம் ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு தொடங்குவதற்கு முன்னால் அதைச் சொல்வார், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று, ஜெபம் என்று கண்ணைக்கூட மூடாமல். சங்கீதத்தின் கடைசி வரி பாட்டாக முடிகிறது. சில நாள் அதுவரைக்கும் சொல்வார், சில நாள் நடுவிலேயே விட்டுவிட்டு இலையை எடுப்பார்.

கடைசியாக ஒன்று. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயிலைப் பூட்டினால் மறுபடி அடுத்த ஞாயிறுதான் திறக்கிறோம். வாரத்தில் ஒரே ஒரு நாள், புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணியில் இருந்து ஏழரை வரைக்கும் திறந்து வையுங்கள். பிரசங்கம் வேண்டாம், மைக் வேண்டாம், காணிக்கைப் பை வேண்டாம். ஒருவர் ஒரு சங்கீதத்தையோ ஒரு அதிகாரத்தையோ மெதுவாகப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு அமைதியாக இருக்கட்டும், யாருக்காவது ஜெபிக்கத் தோன்றினால் ஜெபிக்கட்டும். ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறவர்கள் எந்த ஊராக இருந்தாலும், எந்தப் பாஷையாக இருந்தாலும் வந்து உட்காரட்டும். கரண்ட் பில்லுக்கு நான் தருகிறேன், கூட்டிப் பெருக்குவதும் என் வேலை. எங்கள் சேகரத்தில் சாவியை யாரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், இந்தப் புதன்கிழமையே வந்துவிடுகிறேன். மாமியாரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பையனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

கிறிஸ்துவுக்குள்,
விருதம்பட்டில் இருந்து
உங்கள் சபைச் சகோதரி ஒருத்தி